ரத்தமே எடுக்காதவருக்கு ரத்தசோகை

சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் நிரல் எழுதும் வேலைக்கு வந்த முதல் வருஷம். மருந்துப் பரிசோதனைத் தரவுகளை அட்டவணையாக்கித் தரும் அலுவலகம். பெண் நோயாளிகளின் ஹீமோகுளோபினை வைத்து ரத்தசோகையைத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு உலக சுகாதார அமைப்பின் அளவுகோல் இது: டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே 'சிவியர்', 8 முதல் 10.9 வரை 'மாடரேட்', 11 முதல் 11.9 வரை 'மைல்ட்', 12இலிருந்து 'நார்மல்'. 'இப்படி இருந்தால் இது' என்று சொல்லும் நாலு வரி இஃப். இதில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்தேன்.

'இல்லையென்றால்' என்கிற எல்ஸ் போடாமல் தனித்தனி இஃப்பாக எழுதியதில், 7 உள்ளவர் 8க்கும் கீழே, 11க்கும் கீழே, 12க்கும் கீழே என்று மூன்று வரியிலும் மாட்டி, கடைசி வரியின் தீர்ப்புப்படி 'மைல்ட்' ஆகிவிட்டார். எல்ஸ் சேர்த்தேன். அடுத்து, 'மாடரேட்' எல்லாம் 'மாடரே' என்று அரைகுறையாக நின்றது. எழுத்துகளை வைத்துக்கொள்ளும் மாறிக்கு (வேரியபிள்), முதலில் கொடுக்கும் மதிப்பின் நீளத்தைத்தான் சாஸ் ஒதுக்கும். ஆங்கிலத்தில் சிவியர் 6 எழுத்து, மாடரேட் 8 எழுத்து. வால் இரண்டும் போச்சு. நீளத்தை முன்கூட்டியே சொல்லும் லெங்த் வரி ஒன்றை மேலே போட்டதும் சரியானது. கண்ணுக்குத் தெரிகிற தப்பைத் திருத்திவிட்ட பெருமை எனக்கு.

எங்கள் துறையில் ஒரே அட்டவணையை இரண்டு பேர், ஒருவர் நிரலை மற்றவர் பார்க்காமல், எழுதுவோம். பிறகு ப்ராக் கம்பேர் ஓட்டி ஒப்பிடுவோம். எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. நிரல் ஓடியதைப் பற்றி சாஸ் எழுதிவைக்கும் லாகிலும் ஒரு எச்சரிக்கை கிடையாது. அனுப்பிவிட்டோம்.

மறுநாள் புள்ளியியல் மேடம் கூப்பிட்டார். திரையில் ஒரு வரிமேல் பென்சிலை வைத்திருந்தார்.

"ஏம்ப்பா, இந்தம்மா ரெண்டாவது விசிட்டுக்கே வரல. ரத்தமே எடுக்கல. இவங்களுக்கு எப்படி சிவியர் அனீமியா?"

எனக்கு வியர்த்துவிட்டது. விஷயம் இதுதான்: சாஸில் எண் இல்லாத கட்டம் ஒரு புள்ளியாக நிற்கும். ஒப்பிடும்போது அந்தப் புள்ளி எல்லா எண்ணுக்கும் கீழே. மைனஸ் கோடிக்கும் கீழே. '8ஐ விடக் குறைவா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்றுதான் சொல்லும். காலிக் கட்டத்தில் கூட்டல் கழித்தல் செய்தால் லாகில் ஒரு குறிப்பாவது வரும்; ஒப்பிட்டால் அதுவும் வராது. எதிர் நிரலை எழுதிய நண்பரும் அதே வரியை அப்படியே எழுதியிருந்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பு செய்தால் ப்ராக் கம்பேர் பாவம் என்ன செய்யும்?

பின்னாளில் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு ஒன்றுக்காக ஸ்டேட்டா என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருள் பக்கம் போனேன். அங்கே எல்லாம் தலைகீழ். காலிக் கட்டம் எல்லா எண்ணையும்விடப் பெரியது. வருமானம் 50,000க்கு மேல் உள்ளவர்களை எண்ணினால், பதில் சொல்லாதவர்களும் அதில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். வாய் திறக்காத அதே மனிதர் சாஸில் பரம ஏழை, ஸ்டேட்டாவில் பெரும் பணக்காரர். ஆர் மொழிதான் என் மனதுக்குப் பிடித்தது. இஃப் அடைப்புக்குள் என்ஏ (அங்கே காலிக் கட்டத்துக்கு அதுதான் பெயர்) வந்தால், ஆமாமா இல்லையா என்று சொல் எனப் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். முசுடுதான், ஆனால் பொய் சொல்லாது.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதே ஹீமோகுளோபின் கணக்கைத்தான் கொடுக்கிறேன். போன மாதம் வந்த தம்பி விவரமானவன். முதல் வரியிலேயே 'ஹெச்பி (ஹீமோகுளோபின்) புள்ளிக்குச் சமம் என்றால்' என்று பிடித்துவிட்டான். சபாஷ் சொன்னேன். சாஸில் காலி ஒரே வகை அல்ல. காரணத்தைக் குறிக்கப் புள்ளி-ஏ முதல் புள்ளி-இசட் வரை வைத்துக்கொள்ளலாம். அவையும் எல்லா எண்ணுக்கும் கீழேதான், ஆனால் வெறும் புள்ளிக்குச் சமம் அல்ல. மிஸ்ஸிங் என்ற ஃபங்க்ஷனைக் கூப்பிட்டால்தான் எல்லாம் பிடிபடும். அவனுடைய தரவில் ஒரு கட்டத்தில் மட்டும் புள்ளி-ஏ போட்டு வைத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது, திரைக்கு மூக்கை ஒட்டி உட்கார்ந்திருந்தான். "அண்ணா, ஒருத்தர் மட்டும் சிவியர்ல இருந்து வெளிய வரவே மாட்டேங்கிறாரு!"