கரிக்காயும் ஸ்டோரிலைனும்: ஏழு வாரம் மல்லுக்கட்டிய கதை

கேரளத்து வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில், அதாவது காயை உலர்த்தித் தரம் பிரிக்கும் இடத்தில், கணக்கு எழுதுகிறேன், வீடு கம்பத்தில். காலையில் கம்பம்மெட்டு ஏறி சாயங்காலம் இறங்கும் ஜீப் கூட்டத்தில் நானும் ஒருவன். கணினியில் பாடம் நடத்தும் ஈ-லேர்னிங்குக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த சீசனில் புதிதாக வந்த ஆட்கள் பிஞ்சையும் சேர்த்து உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள், உலர்த்தியதும் காய் சுருங்கி எடை விழுந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்து, "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இவங்களுக்கு வீடியோ மாதிரி எதாவது பண்ணிக் கொடேன்" என்றார். அவர் அதை அன்றைக்கே மறந்துவிட்டார். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது.

இந்த மாதிரிப் பாடம் செய்யும் ஸ்டோரிலைன் 360 என்ற மென்பொருளை முப்பது நாள் இலவசமாகப் பார்க்கலாம் என்றிருந்தது, இறக்கிக்கொண்டேன். விண்டோஸில்தான் ஓடும், அது என்னிடம் இருந்தது. திறந்தால் அச்சு அசல் பவர்பாயிண்ட் முகம். அதை நம்பி முதல் ஞாயிற்றுக்கிழமையே இருபத்தெட்டு ஸ்லைடு போட்டேன். ஏலச்செடி என்றால் என்ன, சரம் என்றால் என்ன, அடுத்து, அடுத்து, அடுத்து. முடித்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்தபோது பத்தாவது ஸ்லைடில் போனை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் ட்ரிகர் பக்கம் போனேன். இந்த மென்பொருளின் உயிர் அதில்தான் இருக்கிறது: எதை, எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் உத்தரவு போடுவது. இந்தக் காயைத் தொட்டால் அந்த லேயரைக் காட்டு, இது மூன்றையும் பார்த்து முடித்தால்தான் அடுத்த பொத்தானைத் திற, இப்படி. லேயர் என்பது அதே ஸ்லைடின் மேல் விரிக்கும் இன்னொரு தாள். இது புரியாமல் ஒவ்வொரு காய்க்கும் தனி ஸ்லைடு போட்டு ஒரு வாரம் வீணாக்கினேன். வேரியபிள் என்பது எடை போடும் இடத்தில் பெயருக்கு நேரே கிலோ எழுதும் நோட்டு மாதிரி, பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையாவது குறித்து வைத்துக்கொள்ளும். அந்த நோட்டில் நானும் ஒரு கோட்டை விட்டேன். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண் கூட்டு என்று எழுதியிருந்தேன், பின்னால் போய் மறுபடி அதே கேள்விக்கு விடை சொன்னால் மறுபடியும் கூட்டிக்கொண்டே போனது. என் தம்பி ஐந்துக்கு ஏழு வாங்கிவிட்டு, "அண்ணே, பாடம் சூப்பர்" என்றான். 'ஏற்கெனவே விடை சொல்லியாச்சா' என்று இன்னொரு வேரியபிள் வைத்து, அது இல்லை என்றால் மட்டும் கூட்டு என்று நிபந்தனை போட்டதும் சரியாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது.

தமிழில் போடுவதற்கென்று தனிப் பாடு இருக்கிறது. இங்கிலீஷில் ஆறெழுத்துக்காக அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' உட்காராது. பிளேயர் அமைப்பில் பொத்தான் எழுத்துகளை நாமே மாற்றிக்கொள்ளலாம், அதில் 'சரி பாரு' என்று வைத்தேன். காய் பறிக்கிற யார் சமர்ப்பிக்கிறார்கள்? எழுத்துருவுக்கு நிர்மலா யூஐ. பழைய டிடிபி கோப்பிலிருந்து ஒரு பத்தியை ஒட்டியபோது மட்டும் கிறுக்கலாக வந்தது. அது இப்போதைய பொது எழுத்துமுறையான யூனிகோடே இல்லை, உட்கார்ந்து மறுபடி தட்டினேன்.

மூன்றாம் வாரம் ஸ்கார்ம். பாடத்தைத் தனியாக ஓட்டுவது ஒன்று, யார் பார்த்தார், எத்தனை வாங்கினார் என்று ஒரு எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை ஏற்றி நடத்தும் தளத்தில், பதிவாவது வேறு. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் பொதுமொழிதான் ஸ்கார்ம். அமெரிக்க ராணுவத் துறையின் ஏடிஎல் திட்டத்தில் பிறந்தது. 2001-இல் வந்த 1.2 பதிப்பையே இன்னும் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால் அதிலேயே வெளியிட்டேன். கைக்கு வருவது ஒரு ஜிப் கோப்பு. லேப்டாப்பிலேயே மூடுல் என்ற எல்எம்எஸ்ஸை நிறுவி அதில் ஏற்றினால் ஏறியது. சும்மா இருந்திருக்கலாம். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட, ஜிப்பைப் பிரித்து, திருத்தி, ஃபோல்டரை அப்படியே மறுபடி ஜிப் செய்து ஏற்றினேன். ஏற்க மறுத்துவிட்டது. உள்ளே ஐஎம்எஸ்-மேனிஃபெஸ்ட் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும், அது ஜிப்பைத் திறந்ததும் வாசலிலேயே நிற்க வேண்டும். நான் ஃபோல்டரோடு சுருட்டியதால் ஒரு அறை தள்ளி உள்ளே போய்விட்டது. ஃபோல்டருக்குள் போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்தால் வேலை முடிந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, திருத்தத்தை மென்பொருளிலேயே செய்து மறுபடி வெளியிடுவது.

நாலாம் வாரக் கடைசியில் சித்தியிடம் காட்டினேன். சித்திக்கு இருபது வருசமாகக் காய் எடுக்கிற வேலை. என் பாடத்தின் நெஞ்சுப்பகுதி ஒரு இழுத்துப்போடும் பயிற்சி: சரத்தில் இருக்கும் ஒன்பது காயின் படத்தைப் பார்த்து, பறிக்கலாம் என்றால் ஒரு கூடையில், விட்டுவிடலாம் என்றால் இன்னொன்றில். ஒவ்வொரு காய்க்கும் நிழல் எல்லாம் வைத்திருந்தேன். கூடைக்கு மேலே கொண்டுபோனால் கூடை லேசாகப் பெரிதாகும், அதற்கே ஒரு சாயங்காலம் போனது.

சித்தி கண்ணாடியைப் போட்டு ஒரு நிமிசம் பார்த்தார். "ஏய்யா, எல்லாம் ஒரே பச்சையா இருக்கே. இதுல எதை எடுக்கச் சொல்ற?"

"நல்லா உருண்டு திரண்டு இருக்கிறதுதான் சித்தி."

"உருண்டு இருந்தா ஆச்சா? கையை வச்சா தானா கழண்டு வரணும். வரலைன்னா விடணும். சந்தேகமா இருந்தா ஒண்ணை நசுக்கிப் பாரு."

நசுக்கிப் பார்ப்பதுதான் விஷயம். பிஞ்சுக்குள் விதை வெள்ளையாக இருக்கும், கொஞ்சம் முற்றினால் பழுப்பு, விதை கறுத்துவிட்டால் அது கரிக்காய், எடுக்க வேண்டிய பருவம். வெளித்தோல் அப்போதும் பச்சைதான். அதையும் விட்டுப் பழுத்தால் உலர்த்தும்போது வெடிக்கும், நிறமும் போகும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ, அதில் பிஞ்சு கலந்தால் அந்த ஒரு கிலோவும் தேறாது. தினமும் இந்தக் கணக்கை எழுதுகிற எனக்கு இது தெரியும். ஆனாலும் கண்ணால் பிரிக்க முடியாததைக் கண்ணால் பிரிக்கச் சொல்லி ஒரு பரீட்சை கட்டியிருக்கிறேன், அதுவும் நிழலோடு. இழுத்துப்போட வசதி இருக்கிறது என்பதற்காகவே அந்தப் பயிற்சி வந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை.

முப்பது நாளும் முடிந்துவிட்டது. சந்தா விலை என் சம்பளத்துக்கு ஒத்துவராது. லூமி என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். தொட்டு விடை சொல்லும்படியான எச்5பி வகைப் பாடங்களை இணையம் இல்லாமல் கணினியிலேயே செய்து, ஸ்கார்மாகவோ ஒரே எச்டிஎம்எல் கோப்பாகவோ எடுக்கலாம். ஸ்டோரிலைன் அளவுக்குக் கை நீளாது, லேயர் ட்ரிகர் விளையாட்டெல்லாம் இல்லை. சொல்லப்போனால் அதுவே எனக்கு நல்லதாகப் போயிற்று. அதில் இன்டராக்டிவ் வீடியோ என்று ஒரு வகை உண்டு, ஓடுகிற வீடியோவை நாம் சொல்லும் நொடியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கும்.

சித்தியின் கையைத்தான் எடுத்தேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காயைப் பிடிக்கின்றன, லேசாகத் திருப்புகின்றன, பதினான்காவது நொடியில் வீடியோ நிற்கிறது: 'பறிக்கலாமா, விடலாமா?' விடை சொன்னதும் மறுபடி ஓடி, சித்தி நகத்தால் காயைப் பிளந்து விதையைக் காட்டுகிறார். மொத்தம் ஆறு காய். எழுத்து என்று பார்த்தால் அந்த ஒரு கேள்விதான், அதையும் குரலிலேயே வைத்துவிட்டேன். தமிழுக்கு நானே பேசினேன், மலையாளத்துக்கு ஸ்டோரில் தரம் பிரிக்கும் சேச்சி. அவர் நாலு தடவை சிரித்து ஐந்தாவது தடவைதான் பேசி முடித்தார். இந்திக்கு இன்னும் ஆள் பிடிக்கவில்லை, பிஞ்சைக் கொண்டுவந்ததே இந்தி பேசுகிற அந்தப் புது ஆட்கள்தான் என்பதால் அதை விடவும் முடியாது.

இப்போதைக்கு நிலவரம்: ஆறில் நாலு கிளிப் தேறும். இரண்டில் விதை கலங்கித் தெரிகிறது, தோட்டத்து நிழலில் போன் எதையோ ஃபோகஸ் செய்துவிட்டது. கிளிப்களை ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கியதில் கோப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. மிச்ச இரண்டையும் எடுக்க அடுத்த ரவுண்டு பறிப்பு வரை, அதாவது நாற்பது நாள் கிட்ட, காத்திருக்க வேண்டும். "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிரு, நகத்தை வெட்டிட்டு வாரேன்" என்று சித்தி சொல்லியிருக்கிறார். வெட்டினால் காயைப் பிளக்க முடியாதே என்றேன். "அதுவும் சரிதான்" என்றார்.