சான் சக்காரியா கோயிலில் மரியன்னையின் திருமுன்

வெனிஸ் ரயில் நிலையத்துக்கே புனித லூசியாவின் பெயர்தான். அவருடைய பழைய கோயில் இருந்த இடத்தில்தான் நிலையத்தைக் கட்டினார்கள். திருவுடல் இப்போது பக்கத்திலேயே சான் ஜெரேமியா கோயிலில் இருக்கிறது. கண் நோய் தீர வேண்டிக்கொள்ளும் புனிதர் ஆயிற்றே, முதலில் அங்கே கும்பிட்டுவிட்டு, அப்புறம் மாற்கு சதுக்கத்தைத் தாண்டி சான் சக்காரியாவுக்குப் போனோம். திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியாவின் திருப்பண்டம், அதாவது அவருடைய உடலின் எச்சம், உள்ள கோயில் அது. முன்பு பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்தைச் சேர்ந்தது.

இடப்பக்கச் சுவரில் திருப்பலி நிறைவேற்றும் ஒரு பீடம். அதன் மேலே வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினி 1505-இல், ஏறக்குறைய எழுபது வயதில் வரைந்த படம். காசு போட்டால் விளக்கு எரிகிறது. அரியணையில் மரியன்னை, ஆசி வழங்கும் குழந்தை இயேசு. ஓரங்களில் சாவியோடு பேதுரு, சிவப்பு உடையில் விவிலியம் வாசிக்கும் ஜெரோம். அன்னைக்கு அருகே கத்தரீனும் லூசியாவும், விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சிகளுக்குரிய குருத்தோலையோடு. கத்தரீனை வதைக்கக் கொண்டுவந்த சக்கரம் உடைந்து கிடக்கிறது. லூசியாவின் கையில் கண்ணாடிக் கிண்ணம். சற்றுமுன் யாருடைய உடலின் முன் மன்றாடினோமோ, அவரே இங்கே தலை தாழ்த்தி நிற்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்னையின் தலைக்கு மேலே கயிற்றில் ஒரு முட்டை தொங்குகிறது. நெருப்புக்கோழி முட்டை. அந்தப் பறவை அடைகாப்பதில்லை, மணலில் கிடக்கும் முட்டை வெயிலின் சூட்டிலேயே பொரிக்கும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆண் துணையின்றிக் கருவுற்ற கன்னிக்கு அது அடையாளமாயிற்று. அரியணையின் உச்சியில் செதுக்கியிருப்பது ஞானத்துக்குப் பேர்போன சாலமோன் அரசரின் தலை. மரியன்னையை ஞானத்தின் இருப்பிடம் என்று நாம் மன்றாட்டுமாலையில் சொல்கிறோமே, அதுதான் இது. காலடியில் ஒரு சம்மனசு, அதாவது வானதூதர், வில்லால் மீட்டும் இசைக்கருவியை வாசிக்கிறது. இத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவரும் ஒருவரைப் பார்த்துப் பேசவில்லை. அவரவர் தியானத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் படத்தின் உயிர் அந்தத் தூண்களில்தான் என்பேன். பீடத்தின் கல்தூண்களை ஒட்டி, அதே வேலைப்பாட்டோடு படத்துக்குள்ளும் தூண்களைத் தீட்டியிருக்கிறார். கோயில் அப்படியே படத்துக்குள் நீள்கிறது. முழந்தாளிட்டால் நாமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். இந்தப் பீடத்தில் திருப்பலியின்போது குரு, கிறிஸ்துவின் உடலாக மாறிய அப்பத்தை உயர்த்தியபோது, அவர் கைக்கு மேலே குழந்தை இயேசு நின்றிருப்பார். அதே திருவுடல்தான் கீழேயும் மேலேயும். 1797-இல் நெப்போலியனின் ஆட்கள் படத்தைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள், அவர் வீழ்ந்த பிறகுதான் திரும்பி வந்தது. அங்கே எவ்வளவு நல்ல வெளிச்சத்தில் மாட்டியிருந்தாலும், கீழே பீடம் இல்லாமல் பாதிப் படம்தான்.

கோயிலின் நிலவறையில் வெனிஸின் பழைய ஆட்சித் தலைவர்களின் கல்லறைகளைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. அதையும் பார்க்கலாம். ஆனால் நேரம் குறைவென்றால் பெல்லினியின் முன்னாலேயே இருந்து ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு வாருங்கள். கையில் சில்லறை இருக்கட்டும், விளக்கு சீக்கிரம் அணைந்துவிடும்.