சூடமும் கருவியும்

மே 4, 2025, பாளையங்கோட்டை

கத்திரி தொடங்கிவிட்டது. பாலிகிராஃபுக்கு, அதாவது பொய்யறியும் கருவிக்கு, இந்த வெயில் ஆகாது. விரல்களில் மாட்டும் இரண்டு தகடுகள் தோலின் மின்கடத்தலை அளப்பவை. கை ஏற்கெனவே வேர்த்து வழிந்தால் கேள்விக்கு எழும் சின்ன அலை அதில் அமுங்கிப்போகும். ஏசி அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்து, கையைத் துடைத்துவிட்டு மாட்டுவது நல்லது. மூச்சை அளக்க மார்பில் ஒரு பட்டை, வயிற்றில் ஒன்று. மேற்கையில் இரத்த அழுத்தப் பட்டை. அதை இறுக்கியபடியே நெடுநேரம் விட்டால் கை மரத்து, அந்த வலியும் வரைபடத்தில் ஏறும்.

மே 5

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இன்றோடு 15 வருஷம். சம்மதம் இல்லாமல் யாரையும் இந்த நாற்காலியில் உட்காரவைக்க முடியாது.

மே 8

கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிட வேண்டும். பதில் ஆமாம், இல்லை மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே 20, 25 விநாடி விடாவிட்டால் முந்தைய அலை அடங்குமுன் அடுத்தது மேலே ஏறும்.

'நகையை எடுத்தியாடே?' என்றால் எடுக்காதவனுக்கும் நெஞ்சு அடிக்கும். போனது எது என்பதை மறைத்துவைத்து, 'மோதிரமா? வளையலா? கம்மலா? அட்டிகையா? சங்கிலியா?' என்று வரிசையாகக் கேட்பது மேல்; போனது எது என்று தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பெயரில் அலை எழும். முதல் உருப்படியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எதுவானாலும் முதலாவதுக்கு உடம்பு துள்ளும். ஆனால் விடிவதற்குள் டீக்கடை முழுக்கக் கம்மல் கதை பரவிவிட்டால் இந்த முறை அத்தோடு சரி.

மே 11

அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இல் போட்ட கணக்கு: 10,000 ஊழியரில் 10 ஒற்றர்கள். எட்டுப் பேரைப் பிடிக்கும் அளவுக்குக் கருவியை முடுக்கினால், கூடவே குற்றமற்ற 1,598 பேர் மாட்டுவார்கள். பீடிக்கடையில் இலை எடை குறைகிறது என்று பீடி சுற்றுறவர்கள் எல்லாரையும் இதில் ஏற்ற நினைப்பவர், முதலில் தராசைப் பார்ப்பது மலிவு.

மே 13, செவ்வாய்

சுடலைமாடன் முன்னால் சூடம் ஏற்றி 'அணைச்சு சத்தியம் பண்ணு' என்றதும், கை நீளும் முன்பே உண்மை வந்துவிடுவது உண்டு. கருவியிலும் அப்படித்தான்: வயர் மாட்டும் முன் பேச்சிலேயே சிலர் ஒத்துக்கொள்வார்கள். 1971இல் உளவியலாளர்கள் ஜோன்ஸ், சிகால் இருவரும் வெறும் போலிப் பெட்டியை 'மனசைப் படிக்கும்' என்று நம்பவைத்தே, மனிதர் ஒளிக்கிற கருத்துகளை வெளியே கொண்டுவந்தார்கள்.

பொய்யைப் பிடிக்கும் இதே வித்தை செல்போனில் வந்தால் என்னாகும்? கல்யாண வீட்டில் பொடியன்கள் ஒரு சாயங்காலம் விளையாடினால் போதும். மாமா வயசைச் சரியாகச் சொன்னதற்கே 'பொய்' என்று சிவப்பு விளக்கு எரியும். மறுநாள் வட்டிக்கடைக்காரர் அதே போனை நீட்டினால், கடன் வாங்கினவர் சிரித்துக்கொண்டே பொய் சொல்வார்.