எஞ்சினை அணைக்காமல் ஒரு கல்யாணம்

கும்பகோணத்தில் காலை 9 மணிக்கு முகூர்த்தம். தஞ்சாவூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். ஏழே காலுக்குக் கிளம்பினால் சிற்றுண்டிப் பந்தியையும் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். டாஷ்போர்டு விளக்குகள் மொத்தமாக அணைந்தன. சாவியைப் பின்னுக்குத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி எரிந்தன. ஹாரனை அழுத்தினேன், எதிர்வீட்டு நாய் எழுந்து பதில் சொல்லும் அளவுக்கு அடித்தது. வைப்பர் ஆடியது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வேலை மட்டும் நடக்காது. எங்கள் அலுவலகத்திலும் இப்படி இரண்டு பேர் உண்டு.

பானெட்டைத் தூக்கினால் போதும், நம் ஊரில் கூட்டம் தானாகக் கூடிவிடும். தேய்ப்பு வண்டிக்காரர் எட்டிப் பார்த்து, சூடு ஏறவில்லை என்றார். பால்காரர், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பார்கள் என்றார். அந்த விஷயத்தில் அவர் சொல்லை நான் மறுப்பதில்லை. “ரெண்டாவது கியரில் போட்டுத் தள்ளலாமே” என்று யாரோ சொன்னதும், பட்டுப்புடவையில் நின்ற என் மனைவி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். யோசனை கைவிடப்பட்டது.

மாடி வீட்டு மாமா கீழே இறங்கி வந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஜம்ப் கேபிள் இருந்தது. அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தன் காரை என் கார் மூக்கோடு மூக்காக நிறுத்தி, முறை தவறாமல் மாட்டினார். சிவப்பு இரண்டும் பிளஸ்ஸில். கறுப்பில் ஒன்று தன் பாட்டரி மைனஸில். கடைசிக் கறுப்புக் கிளிப்பை மட்டும் என் எஞ்சினின் இரும்பில். “பொறி பறந்தால் பாட்டரிக்குத் தள்ளிப் பறக்கட்டும். உள்ளேயிருந்து ஹைட்ரஜன் கசியும், தெரியுமோ?” என்றார். சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்துக்கொண்டது.

“பாட்டரி போயிற்று. புதுசு மாற்றிவிடு. அதுவரை எஞ்சினை அணைக்காதே” என்று தீர்ப்பளித்துவிட்டு, கேபிளைச் சுருட்டிக்கொண்டு மாடியேறினார்.

அணைக்கவில்லை. அய்யம்பேட்டையில் காபிக்கு நிறுத்தவில்லை. பாபநாசத்தில் பூ வாங்க மனைவி இறங்கியபோது, கிளட்சை அவசரப்பட்டு விட்டு எஞ்சின் நின்றுவிடுமோ என்று, ஓட்டப் பழகிய முதல் நாளைப் போல இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

கல்யாண மண்டபம் வந்தது. மனைவி உள்ளே போனாள். நான் வாசலுக்கு எதிரே, ஓடும் எஞ்சினோடு, வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தகப்பனார் கார் ஜன்னல் வழியாகவே என்னை வரவேற்றார். ஒரு சிறுவன் தட்டில் இரண்டு இட்லியும் வடையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துப் போனான். கெட்டிமேளம் கேட்டது. அட்சதை போட வழியில்லாமல், ஸ்டியரிங்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

பக்கத்தில் ரோஜா ஒட்டிய மாப்பிள்ளை கார் நின்றிருந்தது. அதன் டிரைவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

“எஞ்சின் எதற்கு சார் ஓடுகிறது? பெட்ரோல் பெண் வீட்டுக் கணக்கா?”

சொன்னேன். “அணையுங்கள், பார்க்கலாம்” என்றார். மனமில்லாமல் அணைத்தேன். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டக். விளக்கு அடியோடு போயிற்று. இன்னும் இரண்டு முறை திருப்பச் சொல்லிவிட்டு, “இப்போது இறங்கி வந்து பாட்டரியின் இரண்டு முனையையும் தொட்டுப் பாருங்கள்” என்றார்.

பிளஸ் முனை சும்மா இருந்தது. மைனஸ் முனை காபி டம்ளர் மாதிரி சுட்டது.

“பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பிடிமானம் இல்லை. ஹாரனுக்கு நாலைந்து ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறுக்கு மேல் வேண்டும். ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும் சார், தேர் போகுமா?”

அப்படியானால் காலையில் எப்படிப் பிடித்தது? கறுப்புக் கிளிப்பை எஞ்சினில் மாட்டியதால், மின்சாரம் இந்த மைனஸ் முனைப் பக்கமே வராமல் நேரே மாமாவின் பாட்டரிக்குப் போய்விட்டதாம். மாமா முறை தவறாமல் செய்ததுதான் எங்களை ஏமாற்றியிருக்கிறது.

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்து வந்தார். அது தேவைப்படவில்லை, கையால் ஆட்டியதுமே கிளாம்பு கழன்று வந்தது. அதன் உள்வளையத்தில், ஈய முனையை ஒட்டி, மஞ்சளாக ஒரு பொருக்கு. உப்புத்தாளால் அதைச் சுரண்டி, முனை வெள்ளி போல மினுங்கும் வரை தேய்த்து, மறுபடி மாட்டி நட்டை இறுக்கினார். ஸ்டார்ட் செய்தேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

“சார், பாட்டரியிலிருந்து சந்தன வாசனை வருகிறதே?”

ஆயுத பூஜையன்று காரைக் கழுவிய உற்சாகத்தில் மைனஸ் ஒயரைக் கழற்றித் துடைத்தவன் நான். “எஞ்சினுக்கும் பொட்டு வையுங்கள் மாப்பிள்ளை” என்று மாமியார் கிண்ணத்தை நீட்ட, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம், அந்த ஈய முனையிலும், குழைத்து வைத்தவனும் நான். அதன்மேலேயே கிளாம்பைக் கவிழ்த்துவிட்டு, நட்டை அப்புறம் இறுக்கிக்கொள்ளலாம் என்று சுண்டல் சாப்பிடப் போனதும் நான்தான்.

“மண்டபத்து வாசலில் சந்தனம் கொடுத்தார்கள் இல்லையா, என் கையில் இருந்தது ஒட்டியிருக்கும்” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, காலையிலிருந்து மண்டப வாசலையே மிதிக்காத என் வெற்று நெற்றியைப் பார்த்தார். “இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, ஸ்பானரைத் துடைக்கப் போனார்.