ஆள் மாற்றிக் கேட்பவர்கள்

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வாடிக்கையாளரை எட்ட நிறுத்திப் பேசி அனுப்பிவிடக்கூடிய வேலை அன்று இது. ஃபிரேம் சரியாகப் பொருந்த வேண்டுமானால் அவருக்கு எதிரே குனிந்து இரு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்து, காதுமடலுக்குப் பின்னால் விரல் வைத்து, கண்ணாடியின் கால் எங்கே அழுத்துகிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டும். என் நிறம் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்றால், அந்த ஓரடித் தொலைவில் அவரால் அதை ஒளிக்க முடியாது.

வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. நான் நெருங்கியதும் தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள். “நானே போட்டுக்கொள்கிறேன்” என்று ஃபிரேமை வாங்கிக்கொள்வார்கள். ஒருவர், அவர் கண்ணெதிரிலேயே நான் கிருமிநாசினியால் கைகளைத் துடைத்திருந்தும், நான் தொட்ட காதோரத்தை ஈரத்தாளால் இருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “வேறு ஆள் இல்லையா?” என்று தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு என் சீன சக ஊழியரிடம் முகத்தை நீட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

சீன மொழியான மாண்டரின் பேசும் ஆளைக் கேட்கும் முதியவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்ல அவரவர்க்குப் பழகிய மொழி வேண்டும். என் பாட்டியும் மருந்தகத்துக்குப் போனால் தமிழ் முகம் தென்படுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். நம்மவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து எங்கள் கடைக்கு வேலைக்கு வந்திருந்த ஓர் இளைஞரிடம் விலை கேட்கக்கூட மனமில்லாமல், “ஊர்க்காரப் பையன் வேண்டாம், நீயே பாரும்மா” என்று என்னிடம் வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு.

வாடிக்கையாளர் காட்டும் வெறுப்பு சில நிமிடங்களில் கடையை விட்டு வெளியேறிவிடும். அதைவிட என்னை உறுத்துவது, அதற்கு மேலாளர் செய்யும் சின்ன ஏற்பாடு. அவர் கெட்டவர் அல்லர். பிரச்சினை வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், “நீ உள்ளே போய் லென்ஸ் வந்துவிட்டதா பார்” என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் விற்பனையும் அதற்கான கமிஷனும் என் கையை விட்டுப் போகின்றன. கேட்டவருக்கோ கேட்டால் கிடைக்கும் என்பது உறுதியாகிறது. 1964 இனக் கலவரத்தை நினைவுகூரும் ஜூலை 21, இன நல்லிணக்க நாளன்று, சேலை கட்டி முகப்பில் நிற்கச் சொல்பவரும் இவரே என்பதை நினைத்தால் சில சமயம் சிரிப்புதான் வருகிறது.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மை மசோதாவை நிறைவேற்றியபோது ஆவலோடு படித்தேன். ஆளெடுப்பு, பதவி உயர்வு, பயிற்சி, பணிநீக்கம் ஆகியவற்றில் இனம் பார்த்து முடிவெடுக்கும் முதலாளியைத்தான் அது குறிவைக்கிறது. முகப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவரை அன்று. போதாக்குறைக்கு, 25 பேருக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கும் உண்டு. எங்கள் கடையில் அதில் பாதிப் பேர்கூட இல்லை.

ஆகவே மேலாளரிடம் நானே ஒரு யோசனை சொன்னேன். யாராவது ஆள் மாற்றிக் கேட்டால் முதலில் காரணம் கேட்க வேண்டும், மொழி என்றால் உடனே மாற்றிவிடலாம், வேறு காரணம் என்றால், “இப்போது பணியில் இருப்பவர் இவர்தான், இவரிடம் பார்க்க விருப்பமா?” என்று நான் அல்லாமல் அவர் சொல்ல வேண்டும், என்னை உள்ளே அனுப்பக் கூடாது. வெகுநேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், வார நாள்களுக்கு மட்டும். சனி, ஞாயிறுகளில் கூட்டம் அதிகம், விற்பனை போய்விடும் என்கிறார். அந்த இரண்டு நாள்களைப் பற்றிய பேச்சு எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.