வாஷிக்கு (வாஷிங்டன் சுந்தர்) டெஸ்ட் டீம்ல இன்னா வேலைன்னு யாராச்சும் சொல்லுங்கப்பா

2025-26 ஆஷஸ், அதான் ஆஸ்திரேலியா-இங்கிலாந்து டெஸ்ட் சீரிஸ், முடிஞ்சு போச்சு. ஆஸ்திரேலியா 4-1. பாஸ்பால், டெஸ்ட்லயும் அடிச்சுதான் ஆடுவோம், அது இதுன்னு இங்கிலாந்துக்காரனுங்க வுட்ட பீலாவுக்கு பெர்த்துலயே ஸ்டார்க் ஆப்பு வெச்சுட்டான், ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ்ல 58 ரன்னுக்கு 7 விக்கெட், ரெண்டே நாள்ல மேட்ச் காலி. அதுலேர்ந்து தண்டையார்பேட்டைல எங்க தெரு முனை டீக்கடைல ஒரே பஞ்சாயத்துதான், இப்ப உலகத்துல பெஸ்ட் டெஸ்ட் டீம் எது, நம்மாளுங்க எங்க நிக்கிறானுங்க, யாரு ஃபார்ம்ல இருக்கான் யாரு இல்லன்னு. அங்க எவன் சவுண்டு ஜாஸ்தி வுடுறானோ அவன் சொல்றதுதான் தீர்ப்பு, நம்ம தொண்டைக்கு அது ஒத்து வராது, அதான் இங்க எழுதிக்கினு இருக்கேன்.

எல்லாரும் ஃபார்ம் ஃபார்ம்னு சொல்லி கடைசி அஞ்சு இன்னிங்ஸ் ஸ்கோர எடுத்துக்கினு வந்துடுறானுங்க. ஒயிட் பாலுக்கு, அதான் ஒன் டே, டி20க்கு, அது ஓகே. டெஸ்ட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இதுதான் உன் இடம், இதுதான் உன் வேலை, ரெண்டு மேட்ச் சொதப்புனாலும் உன்ன தூக்க மாட்டோம்னு ஒருத்தன்கிட்ட சொன்னாதான் அவன் ஃபார்முக்கே வருவான். இப்ப நம்ம டீம்ல பும்ரா, சிராஜ், ஜடேஜா, கில், அப்புறம் ஓப்பனர் ரெண்டு பேரு, இவங்கள வுட்டா மத்த எவனுக்கும் நாளைக்கு நம்ம எந்த நம்பர்ல எறங்குவோம், எறங்குவோமா மாட்டோமான்னே தெரியாது.

நம்ம வாஷிங்டன் சுந்தர எடுத்துக்கோங்க. 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா கிரவுண்டு, இவனுக்கு ஃபர்ஸ்ட் டெஸ்ட், பையன் நெட் பவுலரா போனவன், ஆளுங்க எல்லாம் காயம்னு எறக்கி வுட்டாங்க. முத விக்கெட்டே ஸ்டீவ் ஸ்மித். அப்பால 186க்கு 6ன்னு நிக்கிறப்ப ஷர்துலோட சேந்து 123 ரன் பார்ட்னர்ஷிப், அதுல இவன் 62. அடுத்து சேப்பாக்கத்துல இங்கிலாந்துகூட 85 நாட் அவுட், ஆள் இல்லாத கிரவுண்டுல, கொரோனா டைம். அகமதாபாத்ல 96 நாட் அவுட், அந்தாண்ட பக்கம் கடைசி மூணு விக்கெட்டும் மளமளன்னு வுழுந்து செஞ்சுரி போச்சு. இப்படி ஆடுன பையன் அதுக்கப்புறம் டெஸ்ட் டிரெஸ்ஸ எப்ப போட்டான்னு பாத்தா 2024 அக்டோபர், புனே. காயம்லாம் நடுவுல இருந்துச்சு, அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா வந்த மேட்ச்லயே நியூசிலாந்துக்கு 59 ரன் குடுத்து 7 விக்கெட், மேட்ச்ல மொத்தம் 11.

சரி இனிமே இவன்தான்னு நெனச்சோம். ஆஸ்திரேலியா போனாங்க. பெர்த்ல வாஷி, அடிலெய்டுல அஷ்வின், பிரிஸ்பேன்ல ஜடேஜா. மூணு மேட்ச், மூணு ஸ்பின்னர். அந்த பிரிஸ்பேன் மேட்ச் டிரா ஆன கையோட 537 விக்கெட் எடுத்த மனுசன் அஷ்வின் மைக் முன்னாடி உக்காந்து போதும்பான்னு சொல்லிட்டு பிளைட் ஏறிட்டாரு. அன்னிக்கு எங்க ஏரியால பாதி பேருக்கு சோறு எறங்கல.

2025 இங்கிலாந்து டூர்ல லார்ட்ஸ்ல 22 ரன் குடுத்து 4 விக்கெட். மான்செஸ்டர்ல ஸ்கோர் போர்டுல ஒரு ரன்னு கூட ஏறாம 2 விக்கெட் போன இன்னிங்ஸ்ல 5-ம் நம்பர்ல வந்து 101 நாட் அவுட், இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் டிரா போதும், கை குடுத்து கெளம்பலாம்னு வந்தப்ப, இருப்பா செஞ்சுரி முடிச்சுக்கிறோம்னு ஜடேஜாவும் இவனும் நின்னது செம சீன். ஓவல்ல பாத்தா கடைசி விக்கெட்ட வெச்சுக்கினு சிக்ஸரா தூக்கி 53. அந்த மேட்ச்ச நம்ம ஜெயிச்சதே 6 ரன்ல. யோசிச்சு பாருங்க.

இவ்ளோ பண்ணவன அதே வருஷம் நவம்பர்ல சவுத் ஆப்பிரிக்காகூட கொல்கத்தா டெஸ்ட்ல 3-ம் நம்பர்ல எறக்கி வுட்டு, நாலு ஸ்பின்னர்ல ஒருத்தன்னு டீம்ல எடுத்துட்டு பந்து குடுத்தது சும்மா பேருக்கு. அடுத்த மேட்ச் கவுகாத்தில 8-ம் நம்பர். ஷேர் ஆட்டோல டிரைவர் பக்கத்துல ஒரு சைடா தொங்கிக்கினு வருவானே அந்த எக்ஸ்ட்ரா ஆளு, அப்படித்தான் வெச்சிருக்கானுங்க இவன, வண்டில இருக்கான் ஆனா சீட்டு கெடையாது. இத்தனைக்கும் கொல்கத்தா செகண்ட் இன்னிங்ஸ்ல டாப் ஸ்கோர் வாஷிதான், 31. கவுகாத்தி ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ்ல ஜெய்ஸ்வால் 58க்கு அப்பால பாத்தா இவன் 48. ஃபார்ம் இல்லன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்.

அந்த கொல்கத்தா மேட்ச் மூணாவது நாள் ஞாயித்துக்கிழமை. காசிமேட்டுல இருந்து வாங்கியாந்த நண்டு அடுப்புல கொதிக்குது, 124 தானே அடிக்கணும், துன்னுட்டு ஜாலியா பாக்கலாம்னு டிவி முன்னாடி உக்காந்தா லஞ்ச்சுக்கே 10க்கு 2. யான்சன் ஜெய்ஸ்வாலயும் ராகுலயும் தூக்கிட்டான். கில்லுக்கு கழுத்து புடிச்சுக்கிச்சு, ஆஸ்பத்திரில இருக்கான், பேட்டிங் கெடையாது. அப்பால அவனுங்க ஸ்பின்னர் ஹார்மர் வந்தான் பாருங்க, ஒண்ணும் மாயாஜாலம் இல்ல, ஒரே இடத்துல போட்டுக்கினே இருக்கான், ஒரு பந்து திரும்புது ஒரு பந்து நேரா போவுது, நம்மாளுங்களுக்கு முன்கால் போடலாமா பின்னால போவலாமான்னே புரியல, நடுவுல நின்னு பேட்ட நீட்றானுங்க. கடைசில அக்சர் மட்டும் மஹாராஜ போட்டு ரெண்டு சிக்ஸ் தூக்குனான், வூட்ல எல்லாரும் எழுந்து நின்னோம், உடனே இன்னொன்னு தூக்குறேன்னு மேல ஏத்திவுட்டு அவனுங்க கேப்டன் பவுமா பின்னாலயே ஓடிப்போய் புடிச்சுட்டான். 93 ஆல் அவுட். நம்ம கோச் கம்பீர் வந்து நாங்க கேட்ட பிட்ச்சே இதுதான்னு சொல்றாரு. கேட்டு வாங்குன பிட்ச்ல நம்மளே வுழுந்தோம்னா அத எந்த கணக்குல எழுதறது?

ரெண்டாவது டெஸ்ட் கவுகாத்தில. அங்க சீக்கிரம் இருட்டிடும்னு 9 மணிக்கே ஆரம்பிச்சு டீ பிரேக் முதல்ல, லஞ்ச் அப்புறம். பாரிஸ் கார்னர்ல எங்க ஆபீஸ்ல ஸ்கோர் கேக்குறவனுக்கு இத வெளக்கி சொல்றதுக்குள்ள ரெண்டு விக்கெட் போயிடும். 408 ரன்ல தோத்தோம், ரன் கணக்குல நம்ம டெஸ்ட் சரித்திரத்துலயே பெரிய தோல்வி. அதுக்கு முந்தின வருஷம்தான் நியூசிலாந்து வந்து 3-0, வில்லியம்சன் கூட இல்லாம வந்து. பெங்களூர்ல 46 ஆல் அவுட், வான்கடேல 147 அடிக்க முடியாம 121. பன்னெண்டு வருஷமா ஹோம்ல எவனுக்கும் சீரிஸ் குடுக்காத டீம் இது, வரிசையா 18 சீரிஸ். இப்ப சான்ட்னர், அஜாஸ் பட்டேல், ஹார்மர்னு வர்றவன் போறவன்லாம் நம்ம ஊர்ல வந்து மூட்ட கட்டிக்கினு போறானுங்க.

இதுக்கு எல்லாரும் ஐபிஎல்லதான் திட்டுறானுங்க. இருக்கலாம். நான் 3-ம் நம்பர பாக்குறேன். திராவிட் இருந்தாரு, அப்புறம் புஜாரா. 2018-19 ஆஸ்திரேலியா சீரிஸ்ல புஜாரா மட்டும் 1258 பந்து ஆடுனான், பவுலருங்களுக்கு நாக்கு தள்ளிடிச்சு, அப்புறம் வந்தவன்லாம் ஈசியா அடிச்சானுங்க. 2023-ல ஓவல்ல ஆடுன டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலோட அவன கழட்டி வுட்டாங்க. அதுக்கப்புறம் கில், படிக்கல், கருண் நாயர், சாய் சுதர்சன், வாஷின்னு ஒரு கூட்டமே அந்த நம்பர்ல வந்துட்டு போயிடுச்சு. சாய் சுதர்சன் நம்ம ஊர் பையன்றதால சொல்லல. ஹெடிங்லில ஃபர்ஸ்ட் டெஸ்ட், 0, 30. அடுத்த மேட்ச் இல்ல. மான்செஸ்டர்ல திரும்ப கூட்டியாந்தாங்க, 61. டெல்லில வெஸ்ட் இண்டீஸ்கூட 87. அடுத்த டெஸ்ட் கொல்கத்தால பாத்தா ஆளு பெஞ்ச்ல. தோத்ததுக்கு அப்புறம் கவுகாத்தில திரும்ப வா ராஜான்னு கூப்ட்டா, அவன் இன்னா மனசோட வருவான்? 15, 14. உடனே பாத்தியா சொன்னேன்ல ஃபார்ம் இல்லன்னு ஒரு கூட்டம் கெளம்பிடுது.

இடம் தெரிஞ்சா எப்படி ஆடுவான்றதுக்கு அஷ்வினே சாட்சி. 2024 செப்டம்பர், பங்களாதேஷ் டெஸ்ட், சேப்பாக்கத்துல ஃபர்ஸ்ட் டே நான் இருந்தேன். அப்ப பறக்கும் ரயில் பீச்லேர்ந்து ஓடல, நாலாவது லைன் வேலை நடந்துக்கினு இருந்துச்சு, சிந்தாதிரிப்பேட்டை போய் மாறி போனோம். 144க்கு 6. வழக்கம்போல 8-ல எறங்குனாரு மனுசன், வெயில் மண்டைய பொளக்குது, ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளிய கொஞ்சம் எடம் குடுத்தா போதும், முழு பலத்தோட பாயிண்ட் பக்கம் அறை. பாதி அடி அடிக்கிற வேலையே கெடையாது. சாயங்காலம் 102 நாட் அவுட், செகண்ட் இன்னிங்ஸ்ல 6 விக்கெட் வேற. ஹோம்ல அவருக்கு அவர் வேலை தெரியும், எவனும் கேக்க மாட்டான். அதே ஆள வெளிநாடு போனா உக்கார வெப்பானுங்க, அது தனி வயித்தெரிச்சல்.

சரி, அந்தாண்ட சவுத் ஆப்பிரிக்காவ பாருங்க. பவுமாவ எத்தன பேர் கலாய்ச்சிருப்பான், ஹைட்ட வெச்சு, கறுப்பர் கோட்டால வந்தவன்னு சொல்லி. லார்ட்ஸ்ல டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல தொடை புடிச்சுக்கிச்சு, நொண்டிக்கினே 66 அடிச்சான், மார்க்ரம் 136, டெஸ்ட் சாம்பியன். கொல்கத்தால மொத்த மேட்ச்லயும் ஒரே ஃபிஃப்டி, பவுமா 55 நாட் அவுட். இந்தியால 2-0 அடிச்சப்ப அவன் கேப்டனா ஆடுன 12 டெஸ்ட்ல 11 வெற்றி, ஒரு டிரா, தோல்வியே இல்ல. ஹார்மர் அப்ப 36 வயசு ஆளு, 2015-ல இங்க வந்து ஒத வாங்கிக்கினு போனவன், எஸ்ஸெக்ஸ்ல வருஷக்கணக்கா கவுண்டி ஆடி தேறி வந்து ரெண்டு டெஸ்ட்ல 17 விக்கெட். டீக்கடைல நான் சவுத் ஆப்பிரிக்காதான் இப்ப நம்பர் ஒன்னு சொல்றதுக்கு காரணம் இதுதான், ராங்கிங்ல எவன் மேல இருந்தா எனக்கு இன்னா.

அதுல முத்துசாமி வேற. சேனுரான் முத்துசாமி, டர்பன்ல பொறந்தவன், பூர்வீகம் நம்ம தமிழ்நாடு, நாகப்பட்டினத்துல சொந்தக்காரங்க இருக்காங்கன்னு அவனே சொல்லிருக்கான். 2019-ல இங்க வந்து முத விக்கெட்டா கோலிய எடுத்தான், அப்புறம் வருஷக்கணக்கா ஆளயே காணோம். திரும்பி வந்து லாகூர்ல 11 விக்கெட், கவுகாத்தில 7-ம் நம்பர்ல 109. லாகூர்ல 11 எடுத்தவன கொல்கத்தால வெளிய உக்கார வெச்சானுங்க, ஆக அவனுங்களும் முழு யோக்கியம்லாம் இல்ல. ஆனா அவன் செஞ்சுரி அடிச்சப்ப எங்க வூட்ல கை தட்டுனாங்க, நம்மள தொவைக்கிறான்னு தெரிஞ்சே.

ஆஸ்திரேலியாவோட டிராவிஸ் ஹெட்ட சொல்லி என்ன மடக்குவீங்க, தெரியும். 5-ல ஆடிக்கினு இருந்தவன பெர்த்ல ஓப்பனர் கவாஜாக்கு முதுகு புடிச்சுக்கிச்சுன்னு ஓப்பனிங் அனுப்புனா 83 பந்துல 123. எடத்த மாத்துனதால தானே அடிச்சான்னு கேப்பீங்க. மாத்துனானுங்க, கரெக்ட்டு, அப்பால கை வெக்கல பாத்தீங்களா? கவாஜா தேறி வந்தும் ஹெட் ஓப்பனிங்லயே இருந்தான், அடிலெய்டுல 170, சிட்னில 163. கம்மின்ஸ் ஒரே மேட்ச், ஹேசில்வுட் ஒண்ணு கூட இல்ல, அப்டி இருந்தும் 4-1ன்னா ஸ்டார்க்கும் ஹெட்டும்தான்.

இங்கிலாந்துல ரூட்ட தவிர எனக்கு எவன் மேலயும் நம்பிக்கை இல்ல. ஆஸ்திரேலியால செஞ்சுரி இல்லன்னு ஆளாளுக்கு ஓட்டுனானுங்க, இவன் செஞ்சுரி அடிக்கலன்னா மெல்போர்ன் கிரவுண்டுல துணி இல்லாம நடப்பேன்னு ஆஸ்திரேலியா பழைய ஓப்பனர் ஹேடனே சொல்லிட்டான், காபால 138 நாட் அவுட் அடிச்சு அந்தாளு மானத்த காப்பாத்துனான். ரூட் இத்தன வருஷமா நம்பர் 4. சச்சின் 15921-ஐ தொடுவானா மாட்டானான்னு தனியா ஒரு சண்டை ஓடிக்கினு இருக்கு, அதுக்கு இன்னொரு நாள் வர்றேன்.

பாகிஸ்தான், இலங்கை பத்தி சொல்ல இப்ப பெருசா ஒண்ணும் இல்ல. வெஸ்ட் இண்டீஸ் 27 ஆல் அவுட் ஆன டீம், அதே டீம் கிரைஸ்ட்சர்ச்ல நியூசிலாந்துகூட 531 டார்கெட்டுக்கு 457 வரைக்கும் போய் டிரா பண்ணானுங்க, கிரீவ்ஸ் 202 நாட் அவுட், கூட நின்னது கீமார் ரோச், அந்த வயசுல. ஹைலைட்ஸ் கெடைச்சா பாருங்க.

நம்ம டீமுக்கு நான் செலக்டரா இருந்தா ரொம்ப சிம்பிள். சாய் 3, அடுத்த பத்து டெஸ்ட், டக் அடிச்சாலும் சரி. கில் 4, பன்ட் 5, வாஷி 6, ஜடேஜா 7. வாஷி ஹோம்ல ஒரு நாளைக்கு இருபது ஓவராச்சும் போடணும். அக்சர் எங்கன்னு கேப்பீங்க. ஒயிட் பால்ல நல்லாதான ஆடிக்கினு இருக்கான், அங்கயே ஆடட்டும்.