முப்பது பென்ஸ் பேனா

2016 ஜூன் 23, வியாழக்கிழமை. லண்டனில் அன்றைக்கு மழை கொட்டித் தீர்த்தது. ஹேய்ஸில் இருக்கும் என் கடை வாசலில் தண்ணீர் தேங்கி, வருகிறவர்கள் எல்லாரும் மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். பதினொரு மணிபோல, தினமும் குதிரைப் பந்தயப் பேப்பர் வாங்கும் கிழவர் வந்தார். பேப்பரோடு ஒரு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். நீல மை. முப்பது பென்ஸ்.

"வீட்டில் பேனா இல்லையா?" என்று கேட்டேன்.

"வோட்டுப் போடப் போகிறேன். அங்கே நூலில் பென்சிலைத்தான் கட்டி வைத்திருப்பார்கள். பென்சிலால் போட்டால் அழித்துவிடுவார்களாம்."

அந்த வதந்தி அன்றைக்கு நாடு முழுக்க ஓடியது. மாலைக்குள் ஆறு பேனா விற்றுவிட்டேன். வேறு எந்த நாளிலும் எனக்கு அவ்வளவு பேனா போனதில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது பேனா இல்லை. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலத்துக்குப் பிறகு வாக்குச்சாவடிப் பக்கமே போனதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனுஷர் அவர். இன்றைக்கு மட்டும் என்ன என்று கேட்டேன். "இந்தச் சீட்டில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லையே, அதனால்தான்" என்றார்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா, அவ்வளவுதான் கேள்வி. அவர் விலகுவதற்கு. நான் இருப்பதற்கு. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். இரவு ஒன்பது மணிக்குக் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுப் போய் பென்சிலாலேயே புள்ளடி போட்டேன். 1982ஐப் பார்த்தவனுக்குப் பென்சில் ஒரு பிரச்சினையா?

அந்தக் கதையையும் சொல்லவேண்டும். அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதுப் பெடியன். அந்த டிசம்பர் 22ஆம் தேதி இலங்கையில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று கேட்டார்கள். ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் கட்சி 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களை வாரிக்கொண்டு வந்திருந்தது. புதிய விகிதாசார முறையில் பொதுத்தேர்தல் வைத்தால் அந்தப் பலம் கரைந்துவிடும். ஆகவே அவசரகாலச் சட்டத்தை வைத்துக்கொண்டு, "தேர்தல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று மக்களிடம் வந்தார்.

எங்கள் அம்மம்மாவுக்குப் பார்வை மங்கல். கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: "சீட்டில குடம் எந்தப் பக்கமடா?" எனக்கு எப்படித் தெரியும்? மை பூசிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "விளக்கு அவையின்ர வீட்டிலதான் எரியும். குடம் எங்கட வீட்டில இருக்கு." யாழ்ப்பாண மாவட்டம் அள்ளி அள்ளிக் குடத்துக்கே போட்டது. நாடு முழுவதும் எண்ணியபோது 54 வீதத்துக்குச் சற்று மேல் விளக்கு. அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான் வந்தது. இடையில் தமிழருக்கு எதிரான கலவரத்தோடு 1983 வந்தது. அதை இங்கே எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது.

ஜே.ஆரும், 2016இல் இங்கே பிரதமராக இருந்த கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரனும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இங்கே யாரும் யாரையும் மிரட்டி வாக்குப் போட வைக்கவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குப் பழைய வாடை அடித்தது. இரண்டிலும் கேள்வி மக்களிடமிருந்து எழவில்லை. ஐரோப்பா என்றாலே முகம் சிவக்கிற தன் கட்சிக்காரர்களையும், வெளியே இருந்து வாக்கைக் கடித்துக்கொண்டிருந்த யூகிப் என்ற ஐரோப்பிய ஒன்றிய எதிர்ப்புக் கட்சியையும் அடக்கத்தான் கேமரன் 2013இல் அந்த வாக்குறுதியைக் கொடுத்தார். வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்து, வழியில் போகிறவனைப் பிடித்து "நீ சொல்லு, யார் சரி?" என்று கேட்கிற வேலை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து பேப்பர்க் கட்டுகளை அவிழ்த்தேன். முடிவு தெரியுமுன்பே அச்சுக்குப் போனவை. ரேடியோ சொல்கிறது, பேப்பர் சொல்லவில்லை. 52க்கு 48, விலகல். ஹேய்ஸ் அடங்கும் எங்கள் ஹில்லிங்டனில் 56 வீதம் விலகலுக்கு. பக்கத்து ஹாரோவில் எங்கள் ஆட்கள் பலர் இருக்கிறார்கள், அங்கே 'இருப்போம்' வென்றது. நடுவில் சில பஸ் நிறுத்தங்கள்தான்.

ஏழு மணிக்குப் பக்கத்துத் தெருப் போலந்துப் பெண் பால் வாங்க வந்தார். பன்னிரண்டு வருடமாக இங்கே வேலை செய்து வரி கட்டுகிறவர். அவருக்கு இந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. பிரிஜ்ஜில் பால் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்த என் அக்கா மகன் யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் விசாவில் வந்து ஒன்பது மாதம். இலங்கை காமன்வெல்த் நாடு என்பதால் அவனுக்கு வாக்கு உண்டு. "நீ எதற்குப் போட்டாய்?" என்று அவனிடம் கேட்டார். அவன் பிரிஜ்ஜுக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவில்லை. ஐரோப்பாக்காரர் வரத்து நின்றால் நம்மாட்களுக்கு விசா லேசாகும் என்று யாரோ சொல்லி, அவன் விலகலுக்குப் போட்டிருந்தான். கறிக்கடைக்குச் சமையல்காரரைக் கூப்பிடுவது சுலபமாகும் என்றுகூட அப்போது பிரசாரம் நடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கேமரன் அன்று காலையே பிரதமர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். நாலே நாளில் எதிர்க்கட்சியான லேபரின் எம்.பி.க்கள் 172 பேர் தங்கள் தலைவர் கோர்பின் மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள். நாடு இரண்டாகப் பிளந்து நிற்கும்போது இரண்டு பெரிய கட்சிகளும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடித்துக்கொண்டன.

கடையில் நான் கவனித்த மாற்றம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் பேப்பரை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டு போவார்கள், தலைப்பு வெளியே தெரியும். 2016க்குப் பிறகு சிலர் முதல் பக்கத்தை உள்ளே மடித்து எடுத்துப்போகத் தொடங்கினார்கள். எந்தப் பேப்பர் படிக்கிறாய் என்பது எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதாகிவிட்டது. வாசலுக்கு வந்த கட்சிக்காரர்களும் அப்படித்தான். 2015இல் வந்தவர் கடை வரி, ஹீத்ரோ மூன்றாவது ஓடுபாதை என்று அரைமணி நேரம் பேசினார். 2017இல் அதே ஆள் வந்து, கையில் அட்டையை வைத்துக்கொண்டு "நீங்கள் இருப்பா, விலகலா?" என்று மட்டும் கேட்டு, பதிலுக்கு ஒரு கட்டத்தில் கோடு கீறிவிட்டுப் போய்விட்டார்.

பேனாக் கிழவருக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கேமரனுக்குப் பிறகு பிரதமரான தெரேசா மேயின் விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் பாராளுமன்றத்தில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. வெளியேற வேண்டிய மார்ச் 29 வந்தது, போனது. "கதவைத் திறந்துவிடு என்றோம். இவர்கள் சாவியைத் தேடுகிறார்கள்" என்றார். என் நிலைமையும் பெரிய திறமில்லை. குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து நான் லேபர். 2017இல் முடிவை ஏற்கிறோம் என்றவர்கள் 2019இல் இன்னொரு வாக்கெடுப்பு என்றார்கள். அதில் தலைவர் எந்தப் பக்கம் என்றால், நடுநிலையாம். எங்கள் ஊரில் கலியாணப் பேச்சில் இப்படி ஒரு மாமா இருப்பார்.

2019 மே மாதம் நடக்கவே தேவையில்லாத ஐரோப்பிய பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. அன்றைக்குக் கிழவரும் நானும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேலையைச் செய்தோம். அவர் பிரெக்ஸிட் கட்சிக்குப் போட்டார். நான் வாழ்நாளில் போடாத ஒரு கட்சிக்குப் போட்டேன். ஆளும் கன்சர்வேட்டிவ் பத்து வீதத்தைத் தொடவில்லை, லேபர் பதினைந்தைத் தொடவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்கமாட்டேன். அடி போட்டாச்சு, இனித் திருந்துவார்கள் என்று நினைத்தேன். ஏழே மாதத்தில் அதே கன்சர்வேட்டிவ், தலையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து பொதுத்தேர்தலில் 365 ஆசனம் எடுத்தது. பாதிப் பேர் விருப்பப்பட்டுப் போடவில்லை, பேச்சு முடிந்தால் போதும் என்று போட்டார்கள். கடையில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.

2020 ஜனவரி 31 இரவு வெளியேறினோம். கிழவர் அன்றைக்கு எதுவும் கொண்டாடவில்லை. பேப்பர், பால், ஒரு லாட்டரிச் சீட்டு. இரண்டு மாதத்தில் கொரோனா.

அப்புறம் 2024 ஜூலை 4, பொதுத்தேர்தல். இந்தமுறை வாக்குப் போட அடையாள அட்டை வேண்டும். கிழவரிடம் முதியோர் பஸ் பாஸ் இருந்தது, அதைக் காட்டினாலே போதும் என்று நானே சொன்னேன். "பாஸ் இருக்கிறது. போகிற இடம்தான் இல்லை" என்றார். அந்த வருடம் வாக்காளர் நூற்றுக்கு அறுபது பேர்தான் போனார்கள், 2016 வாக்கெடுப்பில் 72. லேபர் மூன்றில் ஒரு பங்கு வாக்கை வைத்துக்கொண்டு 411 ஆசனம் எடுத்தது.

நான் போனேன். தடுப்புக்குள் நின்று நூலில் கட்டிய பென்சிலைக் கையில் எடுத்து, சீட்டை மேலிருந்து கீழ்வரை இரண்டுமுறை படித்தேன். பின்னால் நின்ற ஆள் செருமினார்.

மறுநாள் காலை பந்தயப் பேப்பரை நீட்டியபோது கிழவர் கேட்டார், "யாருக்குப் போட்டாய்?"

"குடத்துக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

அது எந்தக் கட்சி என்று கேட்டார். கடையில் வேறு ஆளில்லை. அம்மம்மா, பள்ளிக்கூடம், விளக்கு எல்லாவற்றையும் முழுக்கச் சொன்னேன். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டவர், கடைசியில் பேப்பரைச் சுருட்டி அக்குளில் செருகினார்.

"அடுத்தமுறை அது இங்கே நின்றால் எனக்குச் சொல்லு."